அறுபத்தாறுக்கு மட்டும் வழிவிட்ட பிரிட்ஜ்

“…சரி, நான் எழுதி வெச்சிருக்கறது தப்புன்னே இருக்கட்டும். அப்போ மூணாவது மாடில எழுபது மெஷின் இதே நம்பரை வெச்சுண்டு எப்படி ஓடறது? அதை மட்டும் சொல்லிடுங்கோ, போறும்.”

மைதிலி மேடம் இதைக் கேட்டபோது அந்த அறையில் நான்கு பேர் இருந்தோம். செம்பூரில் ஓர் இன்சூரன்ஸ் கம்பெனியின் கிளை அது. அதன் மேனேஜர் ஒருவர். அந்தக் கிளையின் கம்ப்யூட்டர் பிரிவைப் பதினைந்து வருடமாகப் பார்த்துவந்த மைதிலி மேடம் ஒருவர். ரௌட்டர் போட்டுக்கொடுத்த கம்பெனிக்காரர் தங்கராஜ் அண்ணாச்சி. அவரிடம் வேலை பார்த்த நான். மேசைமேல் ஒரு கடிதம் இருந்தது. மேடத்தை உல்லாஸ்நகரில் பழைய காகிதங்கள் போட்டுவைக்கும் கோடவுனுக்கு மாற்றுகிற கடிதம். அவர் கேட்ட கேள்விக்கு நேரான பதில் வந்திருந்தால் அந்தக் கடிதத்துக்கு வேலையே இல்லை. பதில் தெரிந்தவர்கள் அறையில் இரண்டு பேர் இருந்தோம்.

இப்போது நெட்வொர்க் வேலைக்கு வருகிற பிள்ளைகள் என்னிடம் வந்து, “அந்தக் காலத்துல டோக்கன் ரிங்கெல்லாம் பாத்திருக்கீங்களாமே” என்று கேட்கிறார்கள். பார்த்திருக்கிறேன். பார்த்ததைச் சொல்கிறேன். பெருமையாகச் சொல்ல அதில் ஒன்றும் இல்லை.

அண்ணாச்சியும் ஆறும்

நான் தாராவியில் பிறந்தவன். வீட்டில் திருநெல்வேலிப் பேச்சு, தெருவில் இந்தி. பன்னிரண்டாவதோடு படிப்பு நின்றது. ஃபால்ஸ் சீலிங்குக்குள் கேபிள் இழுக்கிற வேலைக்குப் போனேன். இழுத்த கேபிளின் அந்த முனையில் என்ன இருக்கிறது என்று பார்க்கிற ஆசை இருந்ததால் மெல்ல மெல்ல ரௌட்டர்வரை வந்துவிட்டேன். யாரும் உட்காரவைத்துச் சொல்லித்தரவில்லை. மேனுவலை மடியில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு கமாண்டாக அடித்துப் பார்த்துத் தெரிந்துகொண்டதுதான்.

அண்ணாச்சி அதற்கு முன்னால் மாட்டுங்காவில் ஹார்டுவேர் கடை வைத்திருந்தவர். ஆணி, தாழ்ப்பாள், பெயின்ட் எல்லாம் விற்ற அந்த ஹார்டுவேர். தம்பிக்குக் கடையை விட்டுவிட்டுக் கம்ப்யூட்டருக்கு வந்தார். வாடிக்கையாளரிடம் பேசுவதில் அவருக்கு ஈடு கிடையாது. எதிரில் இருப்பவர் கோபமாகக் கத்தி முடிக்கும்வரை தலையை ஆட்டிக்கொண்டே இருப்பார். முடித்ததும், “இவ்வளவு சொல்லுதீங்கன்னா எங்க மேல உரிமை இருக்கு, அதான சார்?” என்பார். கத்தியவருக்கு அதற்குமேல் கத்த வராது. எங்களையும் பட்டினி போட்டதில்லை. என் தங்கை கல்யாணத்துக்கு இரண்டு நாள் முன்பே வந்து பந்தலில் நின்றார்.

அவருக்கு நம்பர் பைத்தியம் உண்டு. ஆறுதான் அவருக்கு யோகம் என்று யாரோ கணித்துச் சொல்லியிருந்தார்கள். ஸ்கூட்டர் நம்பர் ஆறில் முடியும். டெலிபோனும் அப்படியே. எட்டு என்றால் எழுந்து போய்விடுவார். ஒருமுறை ரயிலில் எட்டாம் நம்பர் சீட் கிடைத்ததற்காகக் கல்யாண்வரை நின்றுகொண்டே வந்தவர்.

டெமோ காட்டுவதற்கென்று எங்களிடம் ஒரு மெஷின் செட் இருந்தது. நெட்வொர்க் கார்டு ஒவ்வொன்றுக்கும் பன்னிரண்டு இலக்கத்தில் ஒரு முகவரி உண்டு என்பது உங்களுக்குத் தெரியும். டோக்கன் ரிங் ஆபீஸ்களில் அந்த முகவரியைக் கார்டில் வந்தபடி விடமாட்டார்கள், கையால் போட்டுக்கொள்வார்கள். கையால் போடலாம் என்று நான் சொன்னதும் அண்ணாச்சிக்குக் கண் விரிந்துவிட்டது. “அப்படின்னா எல்லாத்தையும் ஆறாப் போடுல.”

எல்லாவற்றையும் ஆறாகப் போட்டேன். 6666 6666 6666. ஆறைப் பன்னிரண்டு தடவை கூட்டினால் எழுபத்திரண்டு, அதைக் கூட்டினால் ஒன்பது. அதை நான் அவரிடம் சொல்லவில்லை.

மேடத்தின் நோட்டு

செம்பூர் ஆபீசில் மூன்றாவது மாடி முழுக்க டோக்கன் ரிங். வளையத்தில் ஒரு டோக்கன் சுற்றிக்கொண்டே இருக்கும், அது யார் கைக்கு வருகிறதோ அந்த மெஷின்தான் பேசலாம். கீழ்த்தளத்தில் புதிதாகப் பாலிசிதாரர்களுக்கான கவுன்டர் திறக்கப்போகிறார்கள். அங்கே நாற்பது மெஷின், எல்லாம் ஈதர்நெட் என்கிற வேறு வகை. ஒரு காலை ரிங்கிலும் ஒரு காலை ஈதர்நெட்டிலும் வைத்து இரண்டையும் ஒன்றாகக் காட்டுகிற ரௌட்டரைப் போடுவது எங்கள் வேலை. அதற்குப் பெயர்தான் பிரிட்ஜிங்.

எல்லா மெஷினும் தலைமை ஆபீசின் பெரிய கம்ப்யூட்டரோடு பேச ஒரே வாசல், மூன்றாவது மாடியில் இருந்த கேட்வே. அதன் முகவரியை ஒவ்வொரு மெஷினிலும் அடித்துவைக்க வேண்டும். ஓர் இலக்கம் பிசகினாலும் திரை இருட்டாகவே இருக்கும்.

அந்த முகவரிகளை எல்லாம் மைதிலி மேடம் ஒரு நீள நோட்டில் எழுதிவைத்திருந்தார். மாட்டுங்காவில் மூன்று தலைமுறையாக இருக்கிற குடும்பம். பருத்திப் புடவை, கறுப்புக் குடை, ஒன்பது பத்துக்குச் சீட்டில் இருப்பார். நோட்டில் அடித்தல் திருத்தல் கிடையாது. 4000 0000 3001 என்றால் மூன்றாவது மாடி, முதல் மெஷின். அதுதான் கேட்வே. அடுத்தது 3002. யாராவது மெஷினை ஒரு மேசையிலிருந்து இன்னொரு மேசைக்கு நகர்த்தினால்கூட அன்று சாயங்காலத்துக்குள் நோட்டில் ஏறிவிடும்.

முதல் நாள் நான் போனபோது என்னை உட்காரவைத்து நோட்டைத் திறந்து காட்டினார். “உங்களுக்கு என்ன வேணுமோ எழுதிண்டு போங்கோ. ஆனா நோட்டைத் தூக்கிண்டு போகப்டாது” என்றார். நான் எழுதிக்கொண்டேன். சரியாகத்தான் எழுதிக்கொண்டேன்.

டெமோ

ரௌட்டருக்குச் சந்தனம் குங்குமம் வைத்தோம். தேங்காய் உடைத்தோம். அண்ணாச்சி எங்கள் டெமோ மெஷினை மூன்றாவது மாடி ரிங்கில் கேட்வே மாதிரி நிற்கவைத்தார். கீழ்த்தளத்தில் லேப்டாப்பை ஹப்பில் செருகி, மேனேஜரை அருகில் நிறுத்திக்கொண்டு, எல்லா ஆறையும் தன் விரலாலேயே அடித்தார். திரை பளிச்சென்று வந்தது. மேனேஜர் அண்ணாச்சியின் கையைக் குலுக்கினார். பிரிட்ஜிங் சரியாக இருக்கிறது என்று அங்கேயே எழுதிக் கையெழுத்தும் போட்டார்.

மறுநாள் மைதிலி மேடம் கீழே வந்து, முதல் கவுன்டரில் உட்கார்ந்து, நோட்டில் இருந்த கேட்வே நம்பரை அடித்தார். வரவில்லை. இரண்டாவது மெஷின், மூன்றாவது மெஷின், எதிலும் வரவில்லை.

என்னைக் கூப்பிட்டார்கள். நானும் அதே நம்பரை அடித்தேன். எனக்கும் வரவில்லை. அண்ணாச்சியைக் கூப்பிட்டோம். அவர் டெமோ மெஷினோடு வந்து ஆறாக அடித்தார். வந்தது. அவர் போனதும் மேடம் அடித்தார். வரவில்லை.

இது மூன்று வாரம் நடந்தது. கவுன்டர் திறப்பு தள்ளிக்கொண்டே போயிற்று. மண்டல ஆபீசிலிருந்து மேனேஜருக்குத் தினம் போன். நாற்பது நாற்காலியில் நாற்பது பேர் சும்மா உட்கார்ந்திருந்தார்கள். சும்மா உட்கார்ந்திருப்பவர்கள் பேசத்தானே செய்வார்கள். சேட், அதாவது அண்ணாச்சி, கைவைத்தால் வருகிறது, மேடம் கைவைத்தால் போகிறது என்று ஆரம்பித்து, மேடத்துக்குக் கைராசி இல்லை என்பதில் போய் நின்றது. அண்ணாச்சியும் ஒருநாள் அந்தக் கேட்வே நம்பரை விரல்விட்டுக் கூட்டினார். “நாலு, மூணு, ஒண்ணு. எட்டு வருதுல்லா. எட்ட வச்சிக்கிட்டு எப்படில வரும்?” விளையாட்டாகச் சொல்லவில்லை. நம்பிச் சொன்னார். மேனேஜரிடமும் அதைச் சொன்னார். கேட்வே நம்பரை மாற்றிவிடலாமா என்று மேனேஜர் தலைமை ஆபீசைக் கேட்டுப் பார்த்தார். இருபது கிளைகள் அந்த வரிசையில் இருக்கின்றன, தொடக்கூடாது என்று பதில் வந்தது.

ஒருநாள் மேடம் கீழே வந்து நாற்காலியை இழுத்தபோது மேனேஜர் எல்லோர் முன்னாலும், “மேடம், ஆப் ஹாத் மத் லகாயியே” என்றார். கைவைக்க வேண்டாம் என்று. மேடம் இழுத்த நாற்காலியை இருந்த இடத்திலேயே திரும்ப வைத்துவிட்டு மேலே போனார். அதன்பிறகு கவுன்டர் திறக்கும்வரை அவர் கீழ்த்தளத்துக்கு வரவில்லை.

நான் கொடுத்த சாட்சி

அந்த வாரம்தான் நான் ரௌட்டரில் பிரிட்ஜ் பட்டியலை எடுத்துப் பார்த்தேன். எந்தெந்த முகவரி எந்தப் பக்கம் இருக்கிறது என்று ரௌட்டர் தானே தெரிந்துவைத்திருக்கிற பட்டியல் அது. ரிங் பக்கம் எழுபது நம்பர் இருந்தது. ஒன்றுகூட மேடத்தின் நோட்டில் இல்லை. நோட்டில் எல்லாம் 40 என்று தொடங்கும். பட்டியலில் எல்லாம் 02 என்று தொடங்கியது. ஒரே ஒரு நம்பர்தான் நாங்கள் எழுதியபடியே இருந்தது. அண்ணாச்சியின் அறுபத்தாறு.

எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். எழுபதும் தப்பு, ஒன்று சரி. பிரின்ட் எடுத்து அண்ணாச்சியிடம் கொடுத்தேன். “மேடம் நோட்டுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல அண்ணாச்சி” என்று நான்தான் சொன்னேன். என் வாய்தான் சொன்னது. அரை மணி நேரத்தில் அந்தக் காகிதம் மேனேஜர் மேசையில் இருந்தது. பதினைந்து வருடமாக நோட்டைத் தப்பாக எழுதியிருக்கிறார் என்று மேனேஜர் மண்டல ஆபீசுக்குக் கடிதம் அனுப்பினார்.

இரண்டு நாள் கழித்து எங்கள் மாட்டுங்கா ஆபீசில் மேனுவலின் கடைசிப் பக்கங்களைப் புரட்டிக்கொண்டிருந்தேன். அங்கே ஓர் அட்டவணை. இடதுபக்கம் ரிங் எண், வலதுபக்கம் ஈதர்நெட் எண். 40க்கு எதிரே 02. 30க்கு எதிரே 0C. 01க்கு எதிரே 80. எழுதிக்கொண்டு வந்திருந்த கேட்வே நம்பரை எடுத்து அட்டவணையோடு வைத்துப் பார்த்தேன்.

விஷயம் இதுதான். முகவரியை ஒன்றும் பூஜ்யமுமான பிட்டுகளாக்கி, இரண்டு இலக்கத்துக்கு எட்டு பிட் என்று எட்டு எட்டாகத்தான் அனுப்புவார்கள். டோக்கன் ரிங் ஒவ்வொரு எட்டையும் ஒரு முனையிலிருந்து படிக்கும், ஈதர்நெட் மறுமுனையிலிருந்து படிக்கும். கடைசி ஸ்டேஷனான சர்ச்கேட்டுக்குள் வருகிற லோக்கல் ரயில் திரும்புவதில்லை அல்லவா? வந்தபோது கடைசியாக இருந்த பெட்டி போகும்போது முதல் பெட்டி. அதுபோல ரௌட்டர் ஒவ்வொரு எட்டையும் முன்பின்னாக்கித்தான் அந்தப் பக்கம் விடுகிறது. 4000 0000 3001 என்பது ஈதர்நெட் பக்கம் 0200 0000 0C80. கீழ்த்தள மெஷின்களில் அடிக்க வேண்டியது அதைத்தான்.

அறுபத்தாறை, ஓர் ஆறுக்கு நாலு பிட்டாக, எழுதிப் பார்த்தேன். 01100110. எந்த முனையிலிருந்து படித்தாலும் அதுவேதான். அந்த ஒரு நம்பர் எந்த பிரிட்ஜையும் தாண்டும். நாங்கள் மூன்று வாரம் காட்டியது டெமோவே அல்ல.

அண்ணாச்சி சொன்னது

அட்டவணையைக் கொண்டுபோய்க் காட்டினேன். அண்ணாச்சி புரிந்துகொள்ள நேரமெடுக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு இன்னொரு தடவை பார்த்தார்.

“வேற யாருக்குத் தெரியும்?”

“யாருக்கும் தெரியாது அண்ணாச்சி. போய்ச் சொல்லிருவோம். அந்தம்மா நோட்டு சரியாத்தான் இருக்கு.”

“எலே சொடல, மூணு வாரமா எங்களுக்கே தெரியாமத்தான் தேங்கா ஒடச்சோம்னு சொல்லப் போறியா? நாளைக்கு இந்த ஊர்ல ஒருத்தன் நம்மள ரௌட்டர் தொட விடுவானா? பன்னெண்டு பேரு நம்மகிட்ட வேல பாக்கானுவ.”

“அந்தம்மா பாவம்லா.”

“அந்தம்மாக்கு நிரந்தர வேல. ஒரு மெமோ குடுப்பான், வாங்கி வச்சிக்கிடும். கழுத்தப் புடிச்சா தள்ளப் போறான்? நீ மொதல்ல போயி ஓட வச்சிட்டு வா.”

ஞாயிற்றுக்கிழமை பகலில் போய் நாற்பது மெஷினிலும் 0200 0000 0C80 என்று அடித்தேன். ஒவ்வொன்றாகத் திரை வெளிச்சமானது. திங்கட்கிழமை கவுன்டர் திறந்தார்கள். எனக்கு லட்டு கொடுத்தார்கள். அண்ணாச்சி சொல்லச் சொல்ல நான் ரிப்போர்ட் டைப் செய்தேன். ‘வாடிக்கையாளர் அளித்த முகவரிப் பதிவேட்டில் இருந்த தவறு கண்டறியப்பட்டுத் திருத்தப்பட்டது.’ ஒரே வரி. எது தவறு, எதுவாகத் திருத்தினோம் என்று அதில் இல்லை. கீழே என் கையெழுத்து. அண்ணாச்சி தன் கையெழுத்தைப் போடவில்லை என்பதை அப்போது நான் கவனிக்கவில்லை.

பிறகு நடந்தது

மேடத்துக்கு வந்தது மெமோ அல்ல, மாற்றல். உல்லாஸ்நகர் கோடவுனில் கம்ப்யூட்டரே கிடையாது. மாட்டுங்காவிலிருந்து ஒரு மணி நேரத்துக்கு மேல் ரயில், அங்கிருந்து ஆட்டோ. அதிலும் ஒன்பது பத்துக்குச் சீட்டில் இருந்தாராம். ஒரு வருடம்கூட ஆகவில்லை, வேலையை விடுவதாக எழுதிக்கொடுத்துவிட்டு வந்துவிட்டார் என்று செம்பூர் ஆபீஸ் பியூன் சொன்னார். எனக்கு அந்த வருடம் சீனியர் இன்ஜினியர் என்று கார்டு அடித்துக்கொடுத்தார் அண்ணாச்சி. மாட்டுங்கா மார்க்கெட்டில் ஒருநாள் மேடம் எதிரே வருவதைப் பார்த்து, நான் பூக்கடைச் சந்துக்குள் திரும்பிவிட்டேன். தேங்காய் விலை கேட்பதுபோல அவர் போகும்வரை நின்றேன்.

இன்றைக்கு அந்த ரிங்கும் இல்லை, அந்தக் கேட்வேயும் இல்லை. பிட்டைத் திருப்பும் கணக்கு உங்களில் யாருக்கும் தேவைப்படாது. நான் சொல்ல நினைப்பது வேறு. உங்கள் மெஷினை, உங்கள் நம்பரை வைத்துச் சோதித்துவிட்டு வேலை முடிந்தது என்று எழுதாதீர்கள். வாடிக்கையாளரின் நம்பரை அடித்துப் பாருங்கள். ஓடாவிட்டால் உங்களுக்குத் தெரியவில்லை என்று அங்கேயே, அப்போதே சொல்லுங்கள். எனக்கு அந்த ஒரு வாக்கியம் சொல்ல மூன்று வாரம் வாய்ப்பிருந்தது. கடைசி வாய்ப்பு, முதலில் சொன்னேனே, அந்த அறையில் வந்தது.

எழுபது மெஷின் எப்படி ஓடுகிறது என்று மேடம் கேட்டார். மேனேஜர் அண்ணாச்சியைப் பார்த்தார். அண்ணாச்சி சிரித்த முகத்தோடு, ரிங்கில் ஒரு மாதிரி இருக்கும், ஈதர்நெட்டில் ஒரு மாதிரி இருக்கும், எல்லாம் டெக்னிகல் விஷயம் என்றார். பொய்யென்று சொல்ல முடியாது. மேடம் அவரைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார்.

“இப்பதான் ஓடுதுல்லா மேடம். விட்டுருங்க” என்றேன்.

மேடம் மேசைமேல் இருந்த கடிதத்தை எடுத்துக்கொண்டு எழுந்தார். லிஃப்டுக்குப் போகாமல் படியில் இறங்கினார். போய்ப் பார் என்று அண்ணாச்சி கண்ணைக் காட்டினார். நான் பின்னாலேயே ஓடினேன். கீழ்த்தளத்தில் முதல் கவுன்டரில் இருந்த கிளார்க் அம்மாவை எழுந்திருக்கச் சொல்லி அந்த நாற்காலியில் உட்கார்ந்தார். செட்டிங் பக்கத்தைத் திறந்தார். நான் அடித்துவைத்திருந்த நம்பரைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு கடிதத்தைத் திருப்பிப் போட்டு, பின்பக்கத்தில், நோட்டைப் பார்க்காமலே 4000 0000 3001 என்று எழுதி, அதன்கீழ் ஒன்றும் பூஜ்யமுமாக எட்டு எட்டாகப் பிரித்து எழுதினார். அதன்கீழ் திரையில் இருந்த நம்பரையும் அதேபோல எழுதினார். பேனா முனையை ஒவ்வோர் எட்டிலும் மேல் வரியில் வலமிருந்து இடமாகவும் கீழ் வரியில் இடமிருந்து வலமாகவும் மாற்றி மாற்றி நகர்த்திக்கொண்டே வந்தார். ஆறாவது எட்டு முடிந்ததும் பேனாவை மூடினார்.

“மெஷின்ல ஒண்ணும் தப்பில்லை, நீங்க வேலையைப் பாருங்கோ” என்று கிளார்க் அம்மாவிடம் நாற்காலியைக் கொடுத்தார். என்னைத் தாண்டிப் படியேறினார். மேனேஜர் அறைக்குள் போய், நின்றபடியே கடிதத்தின் முன்பக்கத்தில் பெற்றுக்கொண்டேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். பிறகு அதைத் திருப்பி, அந்த இரண்டு வரிசையும் மேலே தெரியும்படி மேனேஜர் முன்னால் வைத்துவிட்டு, தன் குடையை எடுத்துக்கொண்டார்.